கீபோர்டை நாமே கழற்றி மாற்றலாமா? மெக்கானிக்கல் கீபோர்டு 'மாடிங்'... முதல்முறை இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் திறந்தால் 'தக்... தக்...' என்று மழைத்துளி விழுவது போல ஒரு கீபோர்டு சத்தம். ஒருவர் ஸ்விட்சைப் பிடுங்குகிறார், பிரஷ்ஷால் கிரீஸ் தடவுகிறார், மறுபடி சொருகுகிறார். பார்க்க ஈஸியாகத்தான் இருக்கிறது. நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்பவருக்கும், பெருநகரத்தில் செய்பவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தப்பாகப் போனால் உதிரிபாகம் வாங்கப் பக்கத்துத் தெருவில் கடை கிடையாது. எல்லாமே கூரியரில்தான் வர வேண்டும். அந்த கீபோர்டு தட்டச்சுப் பயிற்சிக்கோ, வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கோ வாங்கியது என்றால், நான்கு நாள் கீபோர்டு இல்லை என்பது நான்கு நாள் வேலை இல்லை என்று அர்த்தம்.

அப்படியானால் மாடிங் வேண்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் போதும்.

மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டருடன் சும்மா கொடுக்கும் சாதாரண கீபோர்டுக்குள் ஒரே ஒரு ரப்பர் ஷீட் இருக்கும். எல்லா கீயும் அதன் மேல்தான் அழுந்துகின்றன. ஷீட் கெட்டால் கீபோர்டே போச்சு.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி ஸ்விட்ச். அதற்குள் மேல் மூடி, கீழ் மூடி, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு உலோகத் தகடு. தண்டு கீழே இறங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடும், கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அவ்வளவுதான் கதை.

இப்போது சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஸ்விட்சுகள், ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டு வந்த எம்எக்ஸ் வடிவத்தைப் பின்பற்றியவை. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கெயில், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களும் அதே வடிவில் தயாரிக்க, விலை இறங்கியது. அதனால்தான் சில ஆயிரம் ரூபாய்க்கே மெக்கானிக்கல் கீபோர்டு நம் கைக்கு வந்திருக்கிறது.

சிவப்பு, பிரவுன், நீலம்... எது யாருக்கு?

ஸ்விட்சின் நிறம் அழகுக்காக மட்டும் இல்லை. செர்ரி எம்எக்ஸ் கணக்குப்படி பார்த்தால்:

• சிவப்பு: தடையில்லாமல் நேராக இறங்கும். அழுத்த சுமார் 45 கிராம் விசை போதும்.

• பிரவுன்: பாதி வழியில் லேசாக ஒரு முட்டு தெரியும். சுமார் 55 கிராம்.

• நீலம்: முட்டும் உண்டு, 'டிக்' சத்தமும் உண்டு. சுமார் 60 கிராம்.

மூன்றிலும் கீ முழுதாக இறங்கும் தூரம் 4 மில்லிமீட்டர். ஆனால் சிவப்பும் பிரவுனும் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டிய அவசியமே இல்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. டைப்ரைட்டரில் பேப்பரில் எழுத்து விழ ஓங்கி அடிக்க வேண்டும். அதே கையோடு சிவப்பு ஸ்விட்சில் அடித்தால் விரல் பட்டாலே எழுத்து விழும், பிழை கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பிரவுன் வகை ஒத்துவரும். நீலம் டைப்ரைட்டர் மாதிரியே இருக்கிறது என்று சிலர் வாங்குவார்கள். ஆனால் ஒரே ஹாலில் நான்கு பேர் தூங்கும் வீட்டில், இரவு பதினொரு மணிக்கு அந்தச் சத்தத்தோடு பயிற்சி செய்ய முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டிய ஒரு வார்த்தை

மாடிங் ஆசை இருந்தால் பெட்டியில் 'ஹாட்-ஸ்வாப்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ஸ்விட்சைக் கையால் பிடுங்கி, வேறொன்றைச் சொருகலாம். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்விட்சும் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். 87 கீ உள்ள கீபோர்டில் ஸ்விட்சுக்கு இரண்டு முனை, மொத்தம் 174 இடத்தில் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். முதல்முறை செய்பவருக்கு இது வேண்டாத வேலை.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விலை குறைந்த சில ஹாட்-ஸ்வாப் கீபோர்டுகளில் அவுட்டெமு ஸ்விட்சின் மெல்லிய முனைக்கு மட்டுமே துளை இருக்கும். கேட்டரான் வாங்கி வைத்து அமுக்கினால் முனை வளையும், துளையும் கெடும். எந்தெந்த ஸ்விட்ச் பொருந்தும் என்பதை வாங்கும் முன்பே விவரப் பக்கத்தில் படித்துவிடுங்கள்.

அடுத்தது 3 பின், 5 பின் விவகாரம். 5 பின் ஸ்விட்சில் கூடுதலாக இருக்கும் இரண்டும் வெறும் பிளாஸ்டிக் கால்கள். போர்டில் அதற்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் வெட்டிவிட்டுச் சொருகலாம், ஸ்விட்சுக்கு ஒன்றும் ஆகாது.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

செலவு குறைவானது, திரும்பப் பழையபடி மாற்றக்கூடியது எதுவோ அதிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

1. ஸ்டெபிலைசர்: ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் போன்ற நீள கீகளின் அடியில் ஒரு கம்பி இருக்கும். 'கடகட' சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பியின் முனைகளில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் சத்தம் அடங்கும். நான்கைந்து கீதான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

2. டேப்: போர்டின் பின்பக்கம் இரண்டு மூன்று அடுக்கு பேப்பர் மாஸ்கிங் டேப் ஒட்டினால் சத்தம் கனமாகும். பிடிக்கவில்லையா, உரித்துவிடலாம். உலோகப் பூச்சுள்ள டேப்பைத் தொடவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும்.

3. கீகேப்: ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் சில மாதங்களில் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். பிபிடி பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. வாங்கும் முன் உங்கள் ஸ்பேஸ்பார் நீளத்தையும் கீழ் வரிசை கீகளின் அளவையும் சரிபாருங்கள். எல்லா செட்டும் எல்லா கீபோர்டுக்கும் பொருந்தாது.

4. ஸ்விட்ச் மாற்றுவது: ஒரு ஸ்விட்ச் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 87 கீக்கு 2,175 ரூபாய். இந்தக் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் வேறொரு கீபோர்டே கிடைக்குமா என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

5. ஸ்விட்சைப் பிரித்து கிரீஸ் தடவுவது: ரீல்ஸில் 30 விநாடி. நிஜத்தில் ஒரு ஸ்விட்சுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 87 ஸ்விட்சுக்கு நாலேகால் மணி நேரத்துக்கு மேல். அதிகமாகத் தடவினால் கீ மந்தமாகும். எனவே கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், வண்டிக்கு அடிக்கும் ஸ்பிரே எதையும் பயன்படுத்தக் கூடாது. தண்ணி மாதிரி இருக்கும் எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது. வழிந்துபோய் உலோகத் தகட்டில் சேரும், தூசியைப் பிடிக்கும். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும், அல்லது எழுத்தே விழாது. இதற்கென்று விற்கும் கெட்டியான கிரீஸ் மட்டுமே சரி.

இன்னொரு எச்சரிக்கை. வயர்லெஸ் கீபோர்டு என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். திறக்கும் முன் கேபிளைக் கழற்றி, பவரை ஆஃப் செய்துவிடுங்கள். மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரை ஆழமாக விட்டுக் குத்தினால் பேட்டரி ஓட்டையாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கேஸைத் திறந்தால் வாரன்டி போகுமா என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லையா? பதற வேண்டாம். பெரும்பாலும் ஸ்விட்சின் செம்பு முனை மடங்கியிருக்கும். பிடுங்கி, இடுக்கியால் நேராக்கி, மறுபடி சொருகிப் பாருங்கள்.

இதில் தமிழ் எங்கே வருகிறது?

கீபோர்டை மாற்றியமைப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ல் பிறந்து மலேயா சென்ற ஆர்.முத்தையாவைத்தான் தமிழ் தட்டச்சின் தந்தை என்கிறோம். ஆங்கிலத்துக்காகச் செய்த இயந்திரத்தில் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது என்பது அவர் முன் இருந்த கேள்வி. அதற்கு விடையாக வந்ததுதான் 'நகரா விசை'. அதை அடித்தால் குறி மட்டும் பதியும், உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறியோடு சேர்ந்துகொள்ளும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளுக்கொரு கீபோர்டு அமைப்பு முளைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி தமிழ்99 அமைப்பு உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசும் அதை ஏற்றது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. கீபோர்டில் விரலுக்கு அடையாளமாகச் சின்னக் கோடு இருக்கும் எஃப், ஜே கீகளில் முறையே புள்ளியும் 'ப'வும் வரும்.

மாடிங் செய்பவர்களுக்கு இங்கே இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, கியூஎம்கே, வியா போன்ற மென்பொருள்களால் எந்த கீ எந்த வேலை செய்ய வேண்டும் என்று மாற்றலாம். ஆனால் கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, கீயின் எண்ணை. அதைத் தமிழாக மாற்றுவது கம்ப்யூட்டர்தான். எனவே தமிழ்99க்காகத் தனி கீபோர்டு வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொண்டு, எழுத்து பழகும்வரை ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

இரண்டு, அழகாக இருக்கிறதே என்று மிகச் சிறிய கீபோர்டு வாங்கினால் தமிழில் அடி வாங்குவோம். தமிழ்99ல் 'ச', 'ஞ' இரண்டும் ஆங்கில 'பி' கீக்கு அடுத்துள்ள சதுர அடைப்புக்குறி கீகளில் இருக்கின்றன. 47 கீ மட்டுமே உள்ள குட்டி கீபோர்டுகளில் அந்த கீகளே இருக்காது. 'சரி' என்று அடிக்கவே ஒரு கீயைக் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆங்கில ரிவ்யூக்களில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். டேட்டா என்ட்ரி, கணக்கு வேலை பார்ப்பவர்கள் வலது பக்க நம்பர் கீகளையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாமா?

இந்தியாவில் கீபோர்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும், கூரியரில் வரும்போது வரியும் கையாளும் கட்டணமும் சேரும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. உள்நாட்டிலேயே ஸ்விட்சும் கீகேப்பும் விற்கும் ஆன்லைன் கடைகள் இருப்பதால், முதல்முறை செய்பவர்கள் அங்கேயே வாங்குவது பாதுகாப்பு.

ஆக, மாடிங் அவசியமா?

மாடிங் செய்தால் டைப்பிங் வேகம் தானாகக் கூடிவிடாது. வேகம் பயிற்சியில்தான் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர், ஸ்விட்ச் வாங்கும் காசைப் பயிற்சி நிலையத்தின் மாதக் கட்டணத்துக்குக் கொடுப்பது மேல்.

ஆனால் சத்தத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு கீ செத்துப்போனால் முழு கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கைவசம் ஐந்தாறு ஸ்விட்ச் இருந்தால், இரவு பத்து மணிக்குக்கூட இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். அதிகம் பயன்படாத 'ஸ்க்ரோல் லாக்' கீயின் ஸ்விட்சைப் பிடுங்கி, கெட்டுப்போன இடத்தில் சொருகினாலும் அன்றைய வேலை ஓடிவிடும்.

சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு, ரீல்ஸில் வரும் அந்த 'தக் தக்' சத்தத்தை விட இதுதான் காசுக்கு மதிப்பு. எனவே முதலில் ஹாட்-ஸ்வாப் கீபோர்டு ஒன்று, ஸ்விட்ச் பிடுங்கும் கொக்கி ஒன்று, கூடுதலாக ஐந்து ஸ்விட்ச்... இவை போதும். மற்றதெல்லாம் ஆசை இருந்தால், நேரம் இருந்தால், பொறுமையாக!