கண்சிமிட்டும் எழுத்து

1943-இல் கொல்கத்தாவின் டி.ஜே.கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர் சத்யஜித் ரே. பிறகு சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தார். ரே ரோமன், ரே பிசார் என ஆங்கில எழுத்துருக்களும் வடிவமைத்தார். 'விசித்திரம்' என்று பொருள்படும் பிசார், பெயருக்கேற்ற கோணங்கி. தலைப்புக்கு அழகு, பக்கம் முழுக்க ஓடவிட்டால் யார் படிப்பார்?

அலங்காரத்தை அளவோடு நிறுத்தும் இந்த அடக்கம் நம் அரசு இணையதளங்கள் பலவற்றுக்குத் தெரியாது. மேலே ஓடும் வரி, பக்கத்தில் கண்சிமிட்டும் சிவப்பு 'புதியது'. அறிவிப்பு பழசாகி மாதங்கள் ஆனாலும் சிமிட்டல் ஓய்வதில்லை.

கண்சிமிட்டும் எழுத்தைப் புகுத்திய நெட்ஸ்கேப் உலாவியே இன்று இல்லை. ஃபயர்பாக்ஸ் 2013-இல் அந்த வசதியை நீக்கிவிட்டது. ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எழுத்தை நிறுத்த வழி வேண்டும் என்கின்றன சர்வதேச இணைய அணுகல் விதிகள். அப்படி நிறுத்தும் பொத்தானைத்தான் பல தளங்களில் காணோம்.