என் பேரில் நிலம் வாங்கச் சொல்லும் பிள்ளைகளுக்கு

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் பூண்டியிலிருந்து டீச்சர் எழுதுவது. நீளமான பதிவு இது. பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்கள் போடவே வேண்டாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு யோசனை ஓடியது. வெளிநாட்டில் இருக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து, மன்னவனூருக்கும் பூண்டிக்கும் நடுவில் நிலம் வாங்கிப் போடுவது. அறுபது வயதானதும் வந்து ஆளுக்கொரு வீடு கட்டி, கொஞ்சம் பூண்டும் கேரட்டும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை. அடுத்த வரியில்தான் இடி. "நிலம் டீச்சர் பேர்ல வாங்கிக்கலாம். நம்மகிட்டதான் ஓ.சி.ஐ. இருக்கே, பின்னாடி மாத்திக்கலாம்." அதற்குக் கீழே இருபத்து மூன்று கைதட்டல் படம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஒருவன் போன் செய்து, "உங்களை நம்பாம வேற யாரை நம்புறது டீச்சர்" என்றான்.

நம்பிக்கைக்கு நன்றி. என் பேரைத் தர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஓ.சி.ஐ. அட்டை. அதை இரட்டைக் குடியுரிமை என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் ஒன்பதாம் பிரிவைப் படியுங்கள். நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. யாரும் வந்து பிடுங்க வேண்டியதில்லை. 2005-இல் நடைமுறைக்கு வந்த இந்த அட்டைக்கு 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்' என்று அரசாங்கம் பெயர் வைத்ததே தப்பு என்பது என் கட்சி. குடிமகன் என்று அட்டையில் அச்சடித்துவிட்டு, உள்ளே நீ குடிமகன் இல்லை என்று எழுதினால் படித்தவனே ஏமாறுகிறான். அது ஆயுள் முழுக்கச் செல்லுகிற ஒரு விசா. நல்ல விசா, மறுக்கவில்லை. எத்தனை வருஷம் இருந்தாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம். வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், பேங்கில் கணக்கு வைக்கலாம். ஆனால் ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் விலை கொடுத்து வாங்க முடியாது.

பூண்டியில் இந்த மூன்றையும் விட்டால் வேறென்ன இருக்கிறது சொல்லுங்கள்? ஊர் நத்தத்தில் ஒட்டு ஒட்டாக நாலு தெரு. மிச்சமெல்லாம் படிக்கட்டு வயல். புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அங்கேதான் விளைகிறது.

இதற்குத்தான் என் பேர் வேண்டியிருக்கிறது. அதற்குச் சட்டத்தில் வைத்திருக்கிற பேர் பினாமி. 1988-இல் வந்து 2016-இல் கடுமையாக்கப்பட்ட சட்டம். பணம் கொடுத்தவனுக்கும் பேர் கொடுத்தவனுக்கும் ஒரே தண்டனை: ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை கடுங்காவல், சொத்து மதிப்பில் கால்பங்கு வரை அபராதம், சொத்தும் பறிமுதல். இடைநிலை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவளுக்கு நாற்பது லட்சத்துக்கு நிலம் வாங்க ஏது பணம் என்று வருமான வரிக்காரன் கேட்டால் நான் என்ன சொல்வது? பூண்டு விற்றேன் என்றா?

சரி, அதிகாரி யாரும் வரவில்லை என்றே வையுங்கள். நான் நாளைக்குப் போய்ச் சேர்ந்தால்? என் உறவில் நடந்ததையே சொல்கிறேன், பேர் வேண்டாம். வெளிநாட்டுக் குடிமகனான தம்பிக்காக அண்ணன் தன் பேரில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். நல்ல மனிதர், ஒரு பைசா தொடவில்லை. திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அவருடைய மூன்று பிள்ளைகளும் "அப்பா சொத்து" என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தம்பியால் கோர்ட்டுக்குப் போகவும் முடியவில்லை. இது என் பணத்தில் வாங்கியது, திருப்பிக் கொடு என்று வழக்குப் போடவே அந்தச் சட்டம் தடை வைத்திருக்கிறது. அண்ணி இப்போது கொழுந்தன் பேரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நாற்பது வருஷம் ஒரே அடுப்பில் சோறு தின்ற குடும்பம் அது.

உங்களில் நிறையப் பேருக்கு இங்கே அப்பா நிலம் இருக்கிறது. அதற்கு வழி உண்டு, கவனமாகக் கேளுங்கள். நீங்கள் இந்தியக் குடிமகனாக இங்கே இருந்தபோது உங்கள் பேருக்கு வந்த நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வாரிசாகவும் வரலாம். ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கும்போது விவசாய நிலத்தை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குத் தானமாக எழுதி வைக்க முடியாது. நம் ஊரில் எல்லாரும் செய்வது தான செட்டில்மெண்ட்தான். பத்திரம் எழுதுகிறவர் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை, பதிவும் ஆகிவிடுகிறது. சிக்கல் விற்கப் போகும்போதுதான் தலையை நீட்டும். ஆகவே செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதச் சொல்லுங்கள். அப்படி வந்த நிலத்தை விற்பதானாலும் இந்தியாவில் குடியிருக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். லண்டனில் இருக்கிற சித்தி மகனுக்கு விற்க முடியாது.

ஓட்டர் லிஸ்ட் விஷயம் ஒன்று. பேர் சொல்லவில்லை, வயிற்றைக் கலக்கட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிப் பத்து வருஷமாகியும் நம் ஊர்ப் பட்டியலில் பேரை விட்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். "இருந்துட்டுப் போகட்டும், ஒரு அடையாளம்" என்று அப்பாவை வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் ஒரு வருஷம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் எழுபத்தெட்டு வயதுக் கிழவர். இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் வேறு; அவர்கள் 6ஏ படிவம் போட்டு முறையாகச் சேரலாம். அதேபோல், குடியுரிமை மாறிய பிறகும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் பீரோவில் வைத்திருக்கிறவர்கள் இந்த மாதமே தூதரகத்துக்குப் போங்கள்.

உங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும் என்று தெரியும். சொந்த ஊரில் என்னை வெளிநாட்டான் என்கிறாரே டீச்சர் என்று. நான் சொல்லவில்லை கண்ணுகளா, நீங்கள் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தபோது நீங்களே சொன்னது அது. போட்டோ கூடப் போட்டீர்கள், நானும் லைக் போட்டேன்.

இந்த மலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து ஓய்வுக்காலம் கழிக்கிறவர்கள் புதிதல்ல. கொடைக்கானலுக்கு முதலில் பங்களா கட்டியவர்களே 1845-இல் மதுரையிலிருந்து ஏறி வந்த அமெரிக்க மிஷன்காரர்கள். இன்றைக்கு எல்லாரும் படகு விடுகிற ஏரியை 1863-இல் அமைத்த வேரா லெவிஞ்ச், மதுரைக் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தவர். அவர்கள் ஆளுகிற ஜாதி, யாரும் விசா கேட்கவில்லை. நூறு வருஷம் கழித்து, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த நம் ஜனங்கள் இந்த மலைகளில் குடியேறினார்கள். அவர்களிடம் காகிதம் இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. சவுக்கு மாதிரி வளர்கிற அந்தச் சீகை மரத்தை வெட்டிக் கூலி வாங்கிப் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நான் அ ஆ எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒரு துண்டுக் காகிதத்தை அவர்களுடைய அம்மாமார் பாலிதீன் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் அலட்சியத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

"வெளிநாட்டுக்காரனுக்கு ரிட்டயர்மென்ட் விசா கொடுக்கிற நாடெல்லாம் இருக்கு, நம்ம நாடுதான் மோசம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். தாய்லாந்தைக் காட்டினான். ஆமாம், ஐம்பது வயது ஆகியிருந்தால் கொடுக்கிறார்கள். எட்டு லட்சம் பாத் அங்கே பேங்கில் போட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாதம் அறுபத்தைந்தாயிரம் பாத் வருமானம் காட்ட வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு விசா இல்லை என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லையே! தேவைப்படுவது உங்களோடு வரப்போகிற நண்பர்களுக்கு. அந்த ஏழெட்டுப் பேரில் இருவர் தங்கள் வெள்ளைக்கார நண்பர்களையும் கூட்டிவரப் போவதாகச் சொன்னார்கள். டூரிஸ்ட் விசாவில் ஒரே தடவையில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. கொழும்புக்கு ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வருவதை ஓய்வு வாழ்க்கை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களை வீட்டில் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வேறு அமலில் இருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துகிற நம் ஊர்த் தம்பிகளும் இதைப் படியுங்கள். மனைவியோ கணவனோ வெளிநாட்டவராக இருந்தால் கவலையில்லை. கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் ஆனால் அவர்களும் ஓ.சி.ஐ. கேட்கலாம்.

அட்டை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. ஐம்பது வயது தாண்டிய பிறகு புதுப் பாஸ்போர்ட் வாங்கினால், மூன்று மாதத்துக்குள் அதையும் புதுப் போட்டோவையும் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஒரு முறை ஏற்ற வேண்டும். நீங்களெல்லாம் அந்த வயதுதான். ஐந்தாம் வகுப்பில் பார்த்த முகமாகவே எனக்கு இருக்கிறதால் மறந்துபோகிறது.

அப்புறம் பணம். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாட்டு அரசு பென்ஷன் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு வருஷா வருஷம் உயராது. முதல் மாதம் என்ன வருகிறதோ அதுதான் கடைசி வரை. கனடாவில் முதியோர் பென்ஷன் வெளியே இருந்து வாங்க, பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பதினெட்டாம் வருஷத்தில் பெட்டி கட்டாதீர்கள். அமெரிக்காவின் மெடிகேர் மதுரை ஆஸ்பத்திரியில் செல்லாது. உயிரோடு இருக்கிறாயா என்று அந்த நாடுகள் தபால் அனுப்பும், பதில் போகாவிட்டால் பென்ஷன் நிற்கும். எனக்கு இது பழக்கம். நானும் வருஷம் ஒரு தடவை கருவூலத்துக்கு என் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறவள்தான். ஆனால் பூண்டிக்குத் தபால் எப்படி வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

மாரடைப்பு வந்தால் பூம்பாறை தாண்டி கொடைக்கானல், அங்கே முடியாவிட்டால் மலை இறங்கி வத்தலக்குண்டு வழியாக மதுரை. மழை நாளில் மரம் விழுந்தால் ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்கும். கூகுள் படத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்தில் ராத்திரி காட்டுமாடு நிற்கும். வீடு கட்டுவதும் நினைத்தபடி நடக்காது, மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. சென்னையில் கார் வாங்கிக்கொண்டு பிறந்த ஊருக்கு வருகிறவன் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது நானே சிரித்தேன்.

இவ்வளவும் சொல்லி வரவேண்டாம் என்கிறேனா? வாருங்கள். ஊரில் வீடு பாதி பூட்டிக் கிடக்கிறது. நத்தத்தில் உங்கள் பேரிலேயே வீடு வாங்குங்கள், சட்டம் தடுக்கவில்லை. விவசாயம்தான் செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால் அதற்கும் கதவு திறந்திருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை வாங்கி ஐந்து வருஷம் ஆகி, விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வருஷம் இந்தியாவில் குடியிருந்தால், மறுபடி இந்தியக் குடிமகனாகப் பதிய விண்ணப்பிக்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று முதலில் அந்த நாட்டில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் குரூப்பில் சொன்னபோது அத்தனை பேரும் சத்தம் காட்டவில்லை. ஒருத்தி மட்டும் தனியாக எழுதினாள், "பிள்ளைங்க என்ன சொல்லுவாங்களோ டீச்சர்" என்று. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல், இந்த நிலமும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்ப என் ஆதார் கார்டையும் பான் கார்டையும் கேட்டால் எப்படி?

நிலம் பார்த்து வைத்திருப்பவருக்கு முன்பணம் ஒரு லட்சம் அனுப்பிவிட்டதாக நேற்று ராத்திரி தெரிந்தது. என் பேரைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை நானே அவர் வீட்டுக்கு நடந்து போய், எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சம்சாரத்தையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனுஷன், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். யார் அனுப்பினீர்களோ அவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு வெளிநாட்டு நம்பருக்குப் போன் போடத் தெரியாது, நீங்கள்தான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார், இப்போது பூண்டு எடுப்பு நேரம்.