அடுப்படிக்கு யார் எஜமானர்?

விலை உயர்ந்த சமையலறைச் சாதனங்களை விற்பவர்களிடம் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. சாதனத்தையும் ஷோரூமையும் கட்டடக்கலைஞரை மனத்தில் வைத்து வடிவமைத்தால் போதும், அவருக்குப் பிடித்துவிட்டால் நல்ல சமையலறை தானாக அமைந்துவிடும் என்பதே அது. இந்தக் கருத்து பெருநகரங்களோடு நிற்கவில்லை. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே இருக்கும் எங்கள் இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களுக்கும் வந்துவிட்டது. வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குக் கட்டித்தரும் வீடுகளின் வரைபடத்தில் அதைப் பார்க்கலாம். இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

முதல் காரணம்: கட்டடக்கலைஞருக்குச் சமையலறை நன்றாகத் தெரியும். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி, 1926-இல் ஜெர்மனியில் உருவான பிராங்பர்ட் சமையலறை. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி, அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் சொன்னார். ஆனால் வீட்டுவேலை நடக்கும் முறையைக் கூர்ந்து ஆராய்ந்தார். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கணக்கிலிருந்துதான் வரைந்தார். படிப்பு மட்டும் சமையலறையைத் தெரியவைக்காது. சமைப்பவரைக் கவனித்தால்தான் தெரியும்.

இரண்டாவது: வெளிநாட்டு அளவு உலகத் தரமானது. ஐரோப்பியச் சமையல் மேடை பெரும்பாலும் 90 செ.மீ. உயரத்தை ஒட்டி இருக்கும். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; முழங்கை உயரம் 96 செ.மீ.யை ஒட்டி இருக்கும். முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காமல் காய் நறுக்க முடியும். அப்படியானால் அவருக்கு வேண்டியது 81-லிருந்து 86 செ.மீ. நம்மூர்க் கொத்தனார் வழக்கமாகப் போடும் இரண்டே முக்கால் அடி, அதாவது 84 செ.மீ., இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. 90 செ.மீ. மேடைமேல் அடுப்பை வைத்து, அதன்மேல் குழம்புச் சட்டியையும் ஏற்றிவிட்டால், அம்மா கையைத் தூக்கியே கிண்ட வேண்டியிருக்கும். மேடைக்குள் பதிக்கும் ஹாப் அடுப்பு இந்த உயரத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதற்கும் முதலில் அவருடைய உயரத்தை யாராவது அளந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: சாதனம் கண்ணில் படாமல் கேபினெட்டுக்குள் மறைவதே உயர்ந்த வடிவமைப்பு. நம் வீட்டுக் கிரைண்டரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். டேபிள் டாப் கிரைண்டரே பெரும்பாலும் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். உளுந்து அரைபடும் அரைமணி நேரமும் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஒட்டும் மாவை வழித்துவிட வேண்டும். பிறகு கல்லைத் தூக்கி, மாவை வழித்து, டிரம்மைச் சிங்கில் சாய்த்துக் கழுவ வேண்டும். ஆக, நிரந்தர இடம், பக்கத்திலேயே பிளக் பாயின்ட், கையெட்டும் தூரத்தில் ஆழமான சிங்க் மூன்றும் வேண்டும். ஷட்டர் போட்ட அலமாரிக்குள் வைத்தால் வாரம் இரண்டு முறை அதை வெளியே இழுத்து வைப்பது யார்? கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு வளர்ந்தது, ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தவரின் உழைப்பைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டதால்தான்.

நான்காவது: விலை கூடிய சாதனம் எந்த வீட்டிலும் நன்றாக உழைக்கும். 1960-களில் மும்பையில் மாதுரி மாத்தூரின் ஜெர்மன் மிக்சி நம்மூர் அரவைக்குத் தாங்காமல் பழுதானது. பொறியாளரான அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்சியை உருவாக்கினார். சிம்னி விஷயமும் இப்படித்தான். வெளிச்சுவரின் அழகு கெடுகிறது என்று குழாயை இரண்டு மூன்று இடத்தில் வளைத்தால், ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். உள்ளே காற்று வர வழியில்லாமல் கண்ணாடியால் அடைத்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த சிம்னியாலும் மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடியை வெளியேற்ற முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் நீராவி ஓவனிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் உப்பு படியும். தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்காமல் அவற்றைப் பரிந்துரைப்பது பொறுப்பில்லாத செயல்.

ஐந்தாவது: ஷோரூமில் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். நான் பார்த்த ஷோரூம்கள் பலவற்றில் அடுப்புக்கு கேஸ் இணைப்பு கிடையாது, குழாயில் தண்ணீர் வராது. விளக்கொளியும் மேடையின் பளபளப்பும் தெரியும். சூடு, சத்தம், புகை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் தெரியாது. இருபது பேருக்கான சோற்றுப் பானை அந்தச் சிங்கில் அடங்குமா என்பதும் தெரியாது.

கட்டடக்கலைஞரை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சுவர் எழும்புவதற்கு முன்பே சிம்னிக் குழாய்க்குத் துளையும், கழிவுநீருக்கு வாட்டமும், 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயரும் முடிவாக வேண்டும். அதை முடிவு செய்பவர் அவர்தான். அதனால்தான் அவருக்குப் பளபளப்பைக் காட்டாமல் அளவுகளைக் கொடுக்க வேண்டும்.

உற்பத்தியாளர்கள் தம் கையேட்டில் குழாயின் ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு இழுவை குறையும் என்று அச்சிடட்டும். ஷோரூம்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்து, மிளகாய் வற்றலைத் தாளித்துக் காட்டட்டும். கட்டடக்கலைஞர் வரைவதற்கு முன் சமைப்பவரின் முழங்கை உயரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். வீடு கட்டும் பிள்ளைகளே, ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். சமைப்பது அப்பா என்றால் அவரை அழைத்துப் போங்கள். அவர்கள் மேடை முன் நின்று, கையை நீட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள். தினம் மூன்று வேளை அங்கே நிற்கப் போவது அவர்கள்தான்.