டயாலிசிஸ் தொடங்கிய பின்னும் கஞ்சிப் பத்தியமா?

அறந்தாங்கியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு வரும் நோயாளர்களிடம் உணவைப் பற்றி வினவினால், பலரும் ஒரே விடையைத் தருகின்றனர்: காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், இரவில் இரண்டு இட்லி. முட்டையும் மீனும் வீட்டில் மற்றவர்களுக்கு உண்டு. நோயாளருக்கு மட்டும் இல்லை. அன்பின் மிகுதியால் காக்கப்படும் இந்தப் பத்தியத்தைக் கைவிட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இப்பத்தியம் காரணமின்றித் தோன்றியதன்று. சிறுநீரகம் பழுதுபட்டு, டயாலிசிஸ் தொடங்காத நிலையில், புரதத்தைக் குறைக்குமாறு மருத்துவர்களாகிய நாங்களே சொல்கிறோம். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்குத் தலைகீழாகிறது. ஒவ்வொரு முறை இரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும், கழிவுகளுடன் சேர்ந்து புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை வெளியேறுகின்றன. ஆகவே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். கஞ்சியும் ரசமும் இதில் பாதியைக்கூடத் தாரா. அன்றியும், கஞ்சியில் பெரும்பகுதி நீரே. நீரை அளந்து பருக வேண்டியவருக்கு அதுவும் கணக்கில் சேரும்.

“எடை குறையவில்லையே, ஐயா” என்று உறவினர்கள் ஆறுதல் கொள்வதுண்டு. கரைந்த தசையின் இடத்தை உடலில் தேங்கிய நீர் நிரப்பிவிடுவதால் எடைப் பொறி உண்மையைச் சொல்வதில்லை. கன்னம் ஒட்டி, கை மெலிந்து, நோய்த்தொற்று அடிக்கடி வரத் தொடங்கும்போதுதான் இழப்பு புலனாகிறது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகள் நமக்கு அருகிலேயே உள்ளன. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உப்பைக் குறைத்துச் சமைத்த புது மீனை நோயாளர் உண்ணலாம். கருவாடு அப்படியன்று, அதன் உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகம் நீரைப் பருக வைக்கும், நீர் நுரையீரலில் கோக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்; அப்போதும் கருவாட்டை நாட வேண்டாம். முட்டையின் வெள்ளைக்கரு போதும். ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம், பாஸ்பரஸோ மிகக் குறைவு.

முட்டைக்கு அஞ்சும் வீடுகளில் இளநீருக்கு அஞ்சுவதில்லை என்பது எங்களுக்கு வியப்பே. பொட்டாசியம் மிகுந்த இளநீரும், சோடியம் குறைந்தது என விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பும், சிகிச்சைக்கு இடைப்பட்ட நாள்களில் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் பெருமளவு குறையும்.

அடுத்த சிகிச்சைக்கு வரும்போது, முந்தைய மூன்று நாள்களில் நோயாளர் உண்டதையும் பருகியதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளுடன் ஒப்பிட்டு, அவரவர்க்குரிய அளவைச் சொல்கிறோம்.