வானொலியின் பெயரும் நம் சேதியும்

'ஆல் இந்தியா ரேடியோ' என்று இனிச் சொல்லக் கூடாது, 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என 2023 மே மாதம் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2024 அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் நடந்த இந்தி மாத விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' என்ற சொல் வரும் வரி விடுபட்டது. நிலையம் மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் எதிர்த்தது சரி. இந்தி ஆதிக்கத்தோடு நமக்குச் சமரசம் கிடையாது.

ஆனா தோழர்களே, சண்டை பெயர்ப் பலகையோடு நின்றுபோகிறது. பலகைக்குப் பின்னால் வாசிக்கிற சேதியைப் பற்றிப் பேச ஆளில்லை.

பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். வட்டார மொழிகளுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. உழைக்கும் வர்க்கத்தின் உரிமையைக் காக்க வேண்டும், தீண்டாமை போன்ற கேடுகளை எதிர்க்க வேண்டும் என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது. 'தீண்டாமை' என்ற சொல்லே அதில் இருக்கிறது. மொழியைப் பற்றிய வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மற்ற இரண்டையும் மறந்தவர்கள் டெல்லிக்காரர்கள் மட்டும்தானா?

அமராவதி நகரிலிருந்து உடுமலைப்பேட்டை பஸ்ஸில் போய் வருகிற தூரம். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மீறிக் கல்யாணம் செய்ததற்காக. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை டீக்கடைத் தொலைக்காட்சியில் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. வெட்டியவன் தமிழ் பேசினான், வெட்டுப்பட்டவன் தமிழ் பேசினான், சேதி சொன்னவரும் நல்ல தமிழில்தான் சொன்னார்: 'கௌரவக் கொலை'. யாருக்கய்யா கௌரவம்? பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், "பொண்ணப் பெத்தவனுக்கு எப்படி இருக்குமுங்க?" என்றார். செத்தவனைப் பெத்தவங்களைப் பற்றி அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கௌரவக் கொலை என்று காது கேட்டுக் கேட்டு, மனசும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டிருந்தது. 'ஆணவக் கொலை' என்ற சொல்லை இயக்கங்கள் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் செய்திக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. சேரிக்குள் புகுந்து அடித்தால் அதற்குப் பெயர் இன்னமும் 'இரு தரப்பினர் மோதல்'. இந்தத் தமிழையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் போகிறோமா?

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. சில இந்திப் பத்திரிகைகளும் அதை ஊதிவிட்டன. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் பலர் பயந்து ரயிலேறினார்கள். அவர்களிலும் நம்மைப்போல் தலித்துகள் உண்டு. தையல் மெஷின் பக்கத்தில் நாளெல்லாம் பண்பலை பாடும். ஆனால் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை, அரசு வானொலிச் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். காற்றலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இதுதான் நிலைமை. அப்படியானால் வானொலியில் சேதி சொல்லும் பொறுப்பு முழுக்க அரசு வானொலியின் தலையில்தான்.

ஆகவே நான் கேட்கிறேன்: இந்தித் திணிப்பை எதிர்க்கிற நாமே, திருப்பூர்த் தொழிலாளிக்காகக் கோயம்புத்தூர் வானொலியிலிருந்து அவன் மொழியில் தினமும் பத்து நிமிடச் செய்தி வேண்டும் என்று ஏன் கேட்கக் கூடாது? கூலி, பி.எஃப்., விபத்து இழப்பீடு, எது வதந்தி, எது உண்மை. இங்கே எழுதி, இங்கே வாசிக்கிற செய்தி. மேலிருந்து இறங்குகிற மொழியும் கூலிக்காரன் வாயில் இருக்கிற மொழியும் ஒன்றல்ல.

திருப்பூரில் ஒரு கிளையில் நான் வேலை பார்த்தபோது ஒரு பீகார்ப் பையன் பணம் அனுப்ப வந்தான். படிவத்தில் இந்தி கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, பேனாவை என்னிடமே நீட்டினான். அவன் பேசுவது போஜ்புரியாம்.