நாற்காலி போனால் போகிற அந்தஸ்து

"பிரஸ்டீஜ்" பத்மநாபனைத் தெரியாத தமிழர் குறைவு. சிவாஜி நாடக மன்றம் 1965-ல் மேடையேற்றி, 1970-ல் திரைப்படமாகவும் வந்த "வியட்நாம் வீடு" கதையின் நாயகர் அவர். கதை எழுதிய சுந்தரத்துக்கு நாடகத்தின் பெயரே அடைமொழியாக நிலைத்துவிட்டது.

கம்பெனியில் பெரிய பதவி, சொந்த வீடு, வாயைத் திறந்தால் பிரஸ்டீஜ். இப்படி வாழ்ந்தவர் ஒருநாள் ஓய்வு பெறுகிறார். நாற்காலி போனதும் மரியாதையும் தேய்கிறது. பெற்ற பிள்ளைகளே முகம் திருப்புகிறார்கள். மூத்த மகனோ மனைவியின் ஆடம்பரத்துக்குச் சம்பளம் போதாமல் லஞ்சத்தில் கை வைக்கிறான். கடைசிவரை அவருக்குத் துணை மனைவி சாவித்திரி ஒருத்திதான்.

அன்றைய மேடைக்காரர்கள் பலர் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. கே.பாலசந்தர் சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். முதல் தேதி முகமும் இருபதாம் தேதி முகமும் அவர்களுக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களும் அதே ரகம். ஆகவேதான் நடுத்தர வீட்டின் பகட்டை மேடையில் காட்டியதும் சபை சிரித்தது. சிரித்தபடியே கண்ணையும் துடைத்துக்கொண்டது.

பத்மநாபனை வெறும் வறட்டு ஜம்பக்காரர் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. அவர் பிரஸ்டீஜ் என்று சொன்னதில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, கை சுத்தம். இன்னொன்று, நாலு பேர் நம்மைப் பெரிதாக நினைக்க வேண்டும் என்ற ஆசை. முதலாவதற்குப் பெயர் மானம். இரண்டாவது பகட்டு. மகன் லஞ்சத்தில் கை வைத்தபோது மானம் போய்விட்டது. பகட்டு மட்டும் மிஞ்சியது.

மும்பைத் தமிழர்களாகிய நாம் இதில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

கோடை விடுமுறையில் தாதர், குர்லா நிலையங்களில் நின்று பாருங்கள். ஊருக்குப் போகிற நம்மவர் கையில் புதுப் பெட்டி, கழுத்தில் புதுச் சங்கிலி. அதற்குப் பின்னால் சொசைட்டிக் கடன், சேமநல நிதி முன்பணம், சில சமயம் அடகுச் சீட்டு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! திரும்பி வந்து பத்து மாதம் வட்டி கட்டுகிறோம்.

இதுகூடப் பரவாயில்லை, பணத்தோடு போகிறது. கல்யாணப் பேச்சில் சொல்லும் பொய்தான் கொடுமை. பியூன் வேலை "ஆபீஸ் உத்தியோகம்" ஆகிறது. குமாஸ்தா "ஆபீசர்" ஆகிறார். தாராவியில் பத்துக்குப் பத்து அறை, "சொந்த பிளாட்" ஆகிறது. தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பெண்ணின் தகப்பன் அதை நம்பி நிலத்தை விற்று நகை போடுகிறான். ஊரை விட்டு ரயிலேறி வந்த அந்தப் பெண், விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும்போதுதான் விஷயம் புரிகிறது. பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதவோ போன் செய்யவோ அவளுக்கு வாய் வருவதில்லை. புகுந்த வீட்டின் பகட்டை அன்று முதல் அவளும் சேர்ந்து சுமக்கிறாள். பிள்ளைகளும் அதையே கற்றுக்கொள்கின்றன. அப்பாவின் வேலையைப் பள்ளியில் மாற்றிச் சொல்லும் பிள்ளை, நாளை அப்பாவையே மறைக்கும்.

பத்துக்குப் பத்து அறையில் வாழ்வது கேவலமா? இல்லவே இல்லை. அதில் இருந்துகொண்டே பிள்ளைகளைப் பட்டதாரியாக்கிய குடும்பங்கள் தாராவியில் எத்தனையோ உண்டு. அது உழைத்துச் சேர்த்த மானம். நாற்காலி போனாலும் அது போகாது.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஆட்டம் பாட்டம் இருக்கட்டும். கூடவே இம்மாதிரி ஒரு குடும்ப நாடகத்தையும் மேடையேற்றுங்கள். நம் வீட்டை நாமே எதிரே உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

பிள்ளைக்குப் பெண் தேடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை அடி அறை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் பெண் வீட்டாரை ஒருமுறை வரவழைத்து வீட்டைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் சம்மதம் என்று சொல்லும் குடும்பத்தோடு சம்பந்தம் செய்யுங்கள்.