வைரம் விலைக்கு வந்தது!

பறந்தவர்கள் பதறினார்கள்! பகல் என்றும் இரவு என்றும் பாராமல், பனியென்றும் மழையென்றும் எண்ணாமல், ஒரே கம்பெனியின் விமானத்தையே நம்பிப் பல்லாண்டு பறந்தவர்கள் அவர்கள். "எத்தனை மைல் பறந்தாய் என்பது எமக்கு வேண்டாம், எத்தனை டாலர் கொட்டினாய், அதைச் சொல்!" என்று கம்பெனி திடீரென்று கணக்கை மாற்றிவிட்டது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பின் சாரம் இதுதான். அறிவிப்பு வந்தது, ஆத்திரம் எழுந்தது!

"விமானத்திலே பறப்பவனுக்கு வந்த வேதனையைப் பற்றி, விலைவாசியிலே வெந்துகொண்டிருக்கும் நாம் ஏனய்யா பேச வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். மெத்தை நாற்காலி கிடைக்கவில்லையே என்பவனின் முணுமுணுப்பும், மேனியை மூடத் துணியில்லையே என்பவனின் முனகலும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. ஆயினும் பேசத்தான் வேண்டும், தோழர்களே! வாக்குக் கொடுப்பவன் ஒருவன், அந்த வாக்கை நினைத்தபோது மாற்றும் உரிமையும் அவனுக்கே என்றால், அந்த உறவுக்குப் பெயர் என்ன? அந்த வேடிக்கைக்கு ஆகும் செலவு யார் தலையிலே விழுகிறது? இந்த இரண்டு கேள்விகளும் விமான நிலையத்தோடு நின்றுவிடுவன அல்ல.

முதலில், இந்த ஏணி எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

1978 வரையில் அமெரிக்காவிலே விமானக் கட்டணத்தை அரசாங்க வாரியமே வரையறுத்து வந்தது. அந்த ஆண்டில் புதுச் சட்டம் வந்தது, கட்டுப்பாடு தளர்ந்தது, கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. எவன் விமானத்திலும் இறக்கை இரண்டுதான், எவன் நாற்காலியும் நாற்காலிதான். பயணி நம்மிடமே திரும்பத் திரும்ப வருவதற்கு என்ன வழி? 1981 மே மாதம் முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழி கண்டது. "பறக்கின்ற மைலையெல்லாம் எழுதி வைக்கிறோம், சேர்ந்த பிறகு இலவசப் பயணம் தருகிறோம்" என்றது. மற்றக் கம்பெனிகளும் அதே ஆண்டில் அதே கடையை விரித்தன, டெல்டாவும் விரித்தது.

பிறகு வந்தது படிக்கட்டு. அடிக்கடி பறப்பவன் வெள்ளி, அவனுக்கு மேலே தங்கம், அதற்கும் மேலே பிளாட்டினம், உச்சியிலே வைரம்! வைரத்துக்கு முதல் மரியாதை. உயர் வகுப்பிலே இடம் காலியானால் அவனுக்கே முதல் அழைப்பு. வெள்ளிக்கு மிச்சம் மீதி. பெயர்தான் வைரமே தவிரக் கையிலே கிடைப்பது ஓர் அட்டை! என்றாலும் மனிதன் அதற்காகப் பறந்தான். ஆண்டு முடிவதற்குள் கணக்கிலே சில மைல் குறைகிறதென்றால், வேலை ஏதுமில்லாமலே ஓர் ஊருக்குப் பறந்துபோய், அடுத்த விமானத்திலேயே திரும்பி வந்தவர்களும் உண்டு!

இதைப் பைத்தியம் என்று சிரிக்கலாம். ஆனால் அந்தப் பைத்தியத்திலும் ஒரு நியாயம் இருந்தது. உழைத்துப் பறந்தவனுக்கு உயர்வு என்ற நியாயம் அது. மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலையும் விற்பனைப் பிரதிநிதி, குடும்பத்தைப் பிரிந்து வாரந்தோறும் வேலைக்குப் பறக்கும் பொறியாளர் இவர்களெல்லாம், மலிவுச் சீட்டிலே போனாலும், தூரத்தைக் காட்டிப் படியேறினார்கள்.

அந்த நியாயத்தின் அடித்தளத்தைத்தான் மெல்ல மெல்ல அரித்தார்கள். 2014-இல், மைல் மட்டும் போதாது, இவ்வளவு பணமும் செலவழித்திருக்க வேண்டும் என்று டெல்டா ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. 2015-இல், இலவசப் பயணத்துக்கான மைலையே தூரத்தால் அளக்காமல் சீட்டின் விலையால் அளந்தது. 2023 செப்டம்பரில் மிச்சமிருந்த திரையும் விழுந்தது. 2024 சனவரி முதல் படியேறுவதற்குத் தூரமும் கணக்கில்லை, பயணங்களின் எண்ணிக்கையும் கணக்கில்லை. பணம் ஒன்றே அளவுகோல்!

எவ்வளவு பணம்? வெள்ளிக்கு 3,000 டாலராக இருந்த அளவு 6,000 ஆகும் என்றார்கள். தங்கத்துக்கு 8,000 இருந்தது 12,000. பிளாட்டினத்துக்கு 12,000 இருந்தது 18,000. வைரத்துக்கு 20,000 இருந்தது 35,000!

எதிர்ப்பு எழுந்தது. இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று கிளம்பினார்கள் பலர். அலாஸ்கா ஏர்லைன்ஸும் ஜெட்புளூவும் வாசலிலே நின்று, "அங்கே இருந்த தகுதியை இங்கேயும் தருகிறோம், வாருங்கள்!" என்று வரவேற்பு வளைவு கட்டின. பதினொரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. செப்டம்பர் 25-ஆம் நாள், அட்லாண்டா நகரின் ரோட்டரி சங்கக் கூட்டத்திலே, டெல்டாவின் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன், நாங்கள் சற்று மிஞ்சித்தான் போய்விட்டோம் என்ற கருத்திலே பேசினார். அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தம் வந்தது: வெள்ளி 5,000, தங்கம் 10,000, பிளாட்டினம் 15,000, வைரம் 28,000.

வெற்றி, வெற்றி என்று ஆரவாரம் செய்தவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்! 20,000 கேட்டுக்கொண்டிருந்தவர் 35,000 கேட்டார். கூச்சல் கிளம்பியதும் 28,000-க்கு இறங்கினார். சந்தைக் கடையிலே நாம் பார்க்காத பேரமா இது? பதினைந்தடி ஏறி ஏழடி இறங்குவதற்குப் பெயர் பின்வாங்கலா? தொகையிலேதான் இறங்கினார்களே தவிர, அளவுகோலைத் திரும்ப மாற்றினார்களா? இல்லை. பணமே தகுதி என்ற கொள்கை, பத்திரமாக அப்படியே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விற்பனைப் பிரதிநிதி, வரி நீங்கலாக 300 டாலர்ச் சீட்டிலே, ஆண்டுக்கு 30 முறை போய்வருகிறார். ஏறி இறங்கிய விமானம் 60. கொடுத்த பணம் 9,000 டாலர். பழைய விதிப்படி, 60 பயணமும் 8,000 டாலரும் இருந்தால் தங்கம், அவர் தங்கம்! இன்னொருவர் ஆண்டுக்கு இரண்டே முறை உயர் வகுப்பிலே சாய்ந்துகொண்டு போய்வருகிறார். சீட்டு ஒன்றுக்கு 5,000 டாலர். திருத்தப்பட்ட புது விதிப்படி இவர் தங்கம். அறுபது முறை ஏறி இறங்கியவர் வெள்ளி! கால் தேய்ந்தவன் கீழே, காசு தேய்ந்தவன் மேலே!

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். "தொற்றுநோய்க் காலத்தில் பறக்க முடியாதவர்களின் தகுதியையெல்லாம் நீட்டித்தோம். விளைவு, வைரமும் பிளாட்டினமும் கூட்டமாய்ப் பெருகிவிட்டன. லவுஞ்சிலே உட்கார இடமில்லை, வாசலிலே வரிசை. எல்லோருக்கும் முதல் மரியாதை என்றால், யாருக்குத்தான் மரியாதை?" இதுதான் அந்த வாதம். அதிக இலாபம் தருகிறவனை அதிகமாக உபசரிப்பது வணிகத்துக்கு இயல்பு என்பதும் பொய்யல்ல.

ஆனால், கூட்டத்தைக் கூட்டியது யார்? கடன் அட்டை வாங்கியவர்க்கெல்லாம் லவுஞ்சுக் கதவைத் திறந்துவிட்டது யார்? 2024-இல் மட்டும் நிலை என்ன? ஆண்டுக்கு 350 டாலர் கட்டணம் கட்டி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிடும் டெல்டா பிளாட்டினம் அட்டையை வாங்கினால், ஒரு சீட்டும் எடுக்காமலே கணக்கிலே 2,500 டாலர் ஏறிவிடும்! நம் விற்பனைப் பிரதிநிதி 9,000-த்தோடு வெள்ளியிலே நிற்கிறாரே, அவர் அட்டை வாங்கினால் 11,500; உடனே தங்கம்! பறப்பவனுக்கு ஏணி உயர்ந்தது. அட்டை வாங்குபவனுக்கு ஏணி தாழ்ந்தது. இரகசியம் புரிகிறதா?

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2023-ஆம் ஆண்டில் டெல்டாவுக்குக் கொடுத்த தொகை ஏறத்தாழ 680 கோடி டாலர்! மைலைக் கம்பெனி அச்சடிக்கிறது. வங்கி மொத்தமாக வாங்குகிறது. அட்டைக்காரனுக்குச் சில்லறையாக வழங்குகிறது. 2020-இல் விமானங்கள் தரையிலே முடங்கிக் கிடந்தபோது, இந்த மைல் திட்டத்தையே ஈடுகாட்டி 900 கோடி டாலர் கடன் திரட்டியது டெல்டா. விமானத்தை விற்பதற்காகப் பிறந்த மைல், விமானத்தையே தாங்கும் தூணாக வளர்ந்துவிட்டது.

வங்கி எங்கிருந்து கொடுக்கிறது? அட்டைக்காரர் கட்டும் கட்டணமும் வட்டியும் ஒரு பங்கு. கடைக்காரரிடம் ஒவ்வொரு விற்பனைக்கும் பிடித்துக்கொள்ளும் கழிவு இன்னொரு பங்கு. கடைக்காரர் அந்தக் கழிவைத் தம் வீட்டிலிருந்தா தருவார்? சாமான் விலையிலே ஏற்றுகிறார். அட்டை நீட்டுபவனுக்கும் அதே விலை, ரொக்கம் எண்ணித் தருகிற ஏழைக்கும் அதே விலை! அட்டைக்காரனுக்கு மைல் திரும்பி வருகிறது. ஏழைக்கு எதுவும் வருவதில்லை. ரொட்டி வாங்கியவன் காசிலே ஒரு துளி, வைரக்காரன் சாய்ந்திருக்கும் நாற்காலிக்குப் போகிறது. விமானத்தையே காணாதவனும் கப்பம் கட்டுகிறான்! இதனால்தான் சொன்னேன், இது நமக்கும் உரிய பேச்சு என்று.

சரி, வாக்கை மாற்றினால் வழக்குப் போட முடியாதா? போட்டுப் பார்த்தார் ஒருவர். பின்னாளில் டெல்டாவோடு இணைந்த நார்த்வெஸ்ட் கம்பெனி, அடிக்கடி குறை சொல்கிறார் என்று ஒரு பயணியைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. நேர்மையோடு நடக்க வேண்டிய கடமை இல்லையா என்று அவர் நீதிமன்றம் ஏறினார். 2014 ஏப்ரலில், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அவருடைய வாதத்தைத் தள்ளினார்கள். அந்த வழக்கிலே எழுந்தது போன்ற மாநிலச் சட்டக் கோரிக்கைக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பிடிக்காவிட்டால் வேறு கம்பெனித் திட்டத்திலே சேரலாம், போக்குவரத்துத் துறையிடம் முறையிடலாம் என்றும் வழி காட்டியது. வேறு கம்பெனியா? அட்லாண்டாவிலே குடியிருப்பவன், டெல்டாவின் கோட்டையிலே நின்றுகொண்டு, எந்த வாசலைத் தேடுவான்?

அந்தப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கு பெருங் கம்பெனிகளையும் நோக்கி, சேர்த்த மைலின் மதிப்பை எப்படிக் குறைக்கிறீர்கள், விதியை எப்படி மாற்றுகிறீர்கள் என்று விவரம் கேட்டது. கேள்வி பிறப்பதற்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! இதற்கிடையே நோய் கடல் கடந்தது. 2025 ஏப்ரல் முதல் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸும் செலவையே அளவுகோலாக்கி, தங்கத் தகுதிக்கு 20,000 புள்ளி, ஒரு பவுனுக்கு ஒரு புள்ளி என்றது. அங்கேயும் கூக்குரல்; அங்கேயும் சில சலுகைகள்; அங்கேயும் அளவுகோல் பணந்தான்!

ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி. கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ! இந்தப் பழமொழியைத்தான் கம்பெனி விதிப் புத்தகத்திலே சிறிய எழுத்திலே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பயணி காட்டியது விசுவாசம். கம்பெனி காட்டியது விலைப்பட்டியல்.

ஆகவே தேவை, கெஞ்சுதல் அன்று, சட்டம். சேர்த்த மைல் சேர்த்தவனுக்கே சொந்தம் என்று எழுதட்டும். விதியை மாற்றுவதானால் ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும், முன்னே உழைத்துச் சேர்த்தது பழைய விதிப்படியே செல்ல வேண்டும் என்று எழுதட்டும். கடைக்காரர் கொடுக்கும் கழிவுக்கு ஓர் உச்சவரம்பு கட்டட்டும். ஐந்து வாரக் கூக்குரலே 35,000-ஐ 28,000 ஆக்கியது என்றால், ஒன்றுபட்டு ஓயாமல் எழும் குரல் எதைத்தான் ஆக்காது? பறப்பவர்கள் தங்கள் நாற்காலிக்காக மட்டும் கத்தினால், கிடைப்பது தள்ளுபடி. தரையிலே நின்று கப்பம் கட்டுகிறவனையும் சேர்த்துக்கொண்டு கேட்டால், கிடைப்பது நீதி!